கோட்டுக்குள்ளே ஆள் இல்லை

பள்ளிக்கூடத்து மியூசியச் சுற்றுலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் கடைக்கு வந்து மூன்று நிபந்தனைகள் போட்டாள். இன்ச் டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரக் கூடாது. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "பொடிசு" என்று கூப்பிடக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அங்க வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதம்மா. நானும் காட்டிக்க மாட்டேன்."

தையல்காரியின் வாயில் அப்போது நான்கு குண்டூசிகள் இருந்தன. யாரோ ஒருவரின் கால்சட்டையை இடுப்பில் இரண்டு விரல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசியோடு "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த "ம்"மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மகள் போய்விட்டாள்.

மருந்துக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தது அவளுடைய கடை. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். புதுத்துணி தைப்பதைவிட, வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பதுதான் வேலை. பதினெட்டு வருஷமாக ஊராருடைய தொப்பையையும் கூனையும் கோணல் தோளையும் வெளியே தெரியாமல் மறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வருபவரின் முகத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் தோளைப் பார்ப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். அவன் எத்தனை மைல் ஓட்டிவிட்டு வந்திருக்கிறான் என்பதைக்கூட அவன் சட்டை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

மகள் இந்த வருஷம்தான் பரீட்சை எழுதி அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் இடம் பிடித்திருந்தாள். அங்கே படிப்பவர்களின் அம்மாக்கள் டாக்டர், நீதிபதி, பேராசிரியர் என்று இருந்தார்கள். உங்கம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் மகள் "துணி பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். துணி உண்டு, பிசினஸும் உண்டு, ஆகவே முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணைக்குப் போக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. வருவதாக இருந்த நீதிபதியம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சரித்திர டீச்சர் பதறியடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் செய்தபோது, முதல் மணியிலேயே எடுத்து "வரேன் டீச்சர்" என்று சொன்னவள் இவள்தான்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் மகள் தன்னை ஒரே ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்காக ஒரு நாள் முழுக்கக் கடையைப் பூட்டவும் துணிந்தாள். துணிந்த பிறகுதான் மூன்று நிபந்தனைகளும் வந்து சேர்ந்தன.

காலையில் பஸ் ஏறும்போதே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. டிரைவர், "அம்மா, படி பார்த்து ஏறுங்க" என்றார். மியூசியத்து வாசலில் டிக்கெட் கிழித்தவர், "பையை அங்க வச்சிருங்கம்மா" என்றார். பை வாங்கி வைத்த பெண், "டோக்கனைத் தொலைச்சிடாதீங்கம்மா" என்றாள். ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அம்மா, அம்மா என்கிறார்கள். பெற்ற மகளுக்கு மட்டும் வாய் வரவில்லை. பஸ்ஸில் பின்சீட்டில் டாக்டர் வீட்டுப் பெண் கேட்டது இவள் காதில் தெளிவாக விழுந்தது.

"முன்னாடி உக்காந்திருக்காங்களே, அந்த ஆன்ட்டி யாருடி?"

"யாரோட அம்மாவோ, தெரியல" என்றாள் மகள்.

தையல்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, தன் பொறுப்பில் விட்ட பத்துப் பேரையும் இன்னொரு தடவை எண்ணினாள். பத்தில் மகள் இல்லை. அதற்கும் அவள் டீச்சரிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள், கெட்டிக்காரி.

மியூசியம் என்றால் ஏதோ பழைய சாமான்கள் அடுக்கி வைத்த நாலைந்து அறை என்றுதான் தையல்காரி நினைத்திருந்தாள். உள்ளே போனதும் கால் நின்றுவிட்டது. மாடிப்படி மட்டுமே அவள் தெரு அகலம் இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்த ஒட்டகம், அதாவது அந்த வகுப்பிலேயே நெட்டையான பையன், பின்னாலேயே சரிந்து இரண்டு பேர் மேல் விழுந்தான். அவர்களுக்கு வழிகாட்டியாக ஒரு இளைஞன் வந்தான். டை கட்டி, சட்டைக் காலரில் குட்டி மைக் மாட்டியிருந்தான். வாங்கிய கோட்டு அவனுக்கு ஒரு அளவு பெரிசு என்று தையல்காரி அந்தக் கணமே கண்டுகொண்டாள்.

"தரையில மஞ்சள் கோடு தெரியுதா? அதைத் தாண்டினா அலாரம் அடிக்கும். அடிச்சா காவலாளி வருவாரு. தாண்டினவங்க வெளிய போயிடணும், அவங்களோட வந்த கூட்டமும் போயிடணும். எந்த ஸ்கூலா இருந்தாலும் இதான் விதி" என்றான் அவன்.

பிள்ளைகள் எல்லோரும் மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள். தையல்காரியும் பார்த்தாள். பிள்ளைகளில் யாராவது தாண்டிவிடப் போகிறார்களே என்றுதான் அவளுக்குக் கவலை.

ஒவ்வொரு அறையாகப் போய், உருவப்படங்கள் மாட்டிய நீள மண்டபத்துக்கு வந்தார்கள். அதன் நடுச்சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்கு, ஒரு ராஜா உட்கார்ந்திருந்தார். சிவப்பு வெல்வெட் கோட்டு, ஓரமெல்லாம் தங்கச் சரிகை, வலது கையை மடக்கி ஒரு கோலின் மேல் வைத்து, அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தார். வழிகாட்டி மைக்கைச் சரிசெய்துகொண்டான். இந்த மியூசியத்திலேயே அதிகம் பேர் பார்க்க வரும் படம் இதுதான் என்றான். முகத்தைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், அதிகாரத்தைப் பாருங்கள் என்றான். நாற்பது பிள்ளைகளும் முகத்தைப் பார்த்தார்கள்.

தையல்காரி பழக்கதோஷத்தில் தோளைப் பார்த்தாள்.

என்னவோ உறுத்தியது. முதலில் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள். மறுபடியும் உறுத்தியது. தோள் மூட்டும் கையும் சேருகிற தையலில் என்னவோ சரியில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் அவள் என்ன செய்வாளோ, அதையே அவள் கை தன்பாட்டுக்குச் செய்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தத் தோள் தையலைக் கிள்ளிப் பார்க்க நீண்டன. காலும் கூடவே இரண்டு எட்டு வைத்தது.

அலாரம் மண்டபமே அதிர அலறியது.

தொட்டுவிடவில்லை, இன்னும் ஒரு சாண் இருந்தது. ஆனால் அதை யார் கேட்கப் போகிறார்கள்? காவலாளி ஓடி வந்தார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சரித்திர டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது பிள்ளைகளின் நாள், பார்க்காமல் கிடந்த பத்து அறைகள், மதியச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேல் மகளின் மானம், அத்தனையும் தன் இரண்டு விரலால் போயிற்று என்று தையல்காரிக்குப் புரிந்தது.

"கோடு போட்டிருக்குல்ல? படிச்சவங்க கூடத்தானே வந்திருக்கீங்க? இவங்க யாரு? யாரோட வந்தாங்க?" என்று காவலாளி அதட்டினார்.

தையல்காரி மகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மகளைத்தான் பார்த்தாள். மகள் தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கூட வந்தவங்கதான்" என்றார் டீச்சர், மெல்லிய குரலில். "துணைக்கு வந்த ஒரு பேரன்ட்."

"டீச்சர், பிள்ளைங்களை அனுப்பிடாதீங்க. நான் மட்டும் வெளிய போய் உக்காந்துக்கறேன். தப்பு என்னோடதுதான்" என்றாள் தையல்காரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷத்து வாய் சும்மா இருக்குமா? வாசல் பக்கம் திரும்பியவள், காவலாளியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "திருட வரலைங்க. தையல் பாக்கத்தான் கை போயிடுச்சு. அந்தக் கோட்டுக்குள்ள ஆள் இல்லைங்க."

வழிகாட்டி சிரித்துவிட்டான். காலரில் மைக் இருந்ததால் அவன் சிரிப்பு நாற்பது பேருக்கும் கேட்டது.

"ஆள் இல்லையா? அம்மா, இந்தப் படத்தைப் பத்திப் பெரிய பெரிய புத்தகமே எழுதியிருக்காங்க. உள்ள உக்காந்திருக்கிறது ராஜா."

பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். வாசலுக்கு இன்னும் பத்து எட்டுத்தான் இருந்தது.

"சிரிக்காதீங்க!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து நின்றிருந்தாள். முகம் அந்த ராஜா கோட்டுக்குச் சமமாகச் சிவந்திருந்தது.

"அவங்க எங்கம்மா. தையல்கடை வச்சிருக்காங்க. ஒரு துணியைப் பாத்து அவங்க ஒண்ணு சொன்னா அது சரியாத்தான் இருக்கும். எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எங்கம்மாவைத் தெரியும்." பிறகு டாக்டர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள். "இந்த யூனிபார்ம் கோட்டு கடையில வாங்கினதுன்னு சொன்னேன்ல? பொய். அவங்க தச்சது."

இனி தன்னை வெளியே அனுப்பினாலும் சரி, போலீசில் கொடுத்தாலும் சரி, தையல்காரிக்குக் கவலையில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றாள்.

"எப்படிச் சொல்றீங்க, ஆள் இல்லைன்னு?"

கேட்டது வேறொரு குரல். அலாரம் கேட்டு வந்திருந்த நரைமுடிப் பெண்மணி ஒருவர் காவலாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த மியூசியத்தின் ஓவியப் பிரிவுக்கே தலைவி அவர். அவரைக் கண்டதும் வழிகாட்டி மைக்கை அணைத்தான். யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம் என்று அவர் காவலாளிக்குக் கை காட்டினார்.

தையல்காரி தயங்கினாள். பெரிய பேச்செல்லாம் அவளுக்கு வராது. செய்து காட்டத்தான் வரும். "பொடிசு, இங்க வா" என்றாள். இரண்டாவது நிபந்தனை அதோடு போயிற்று. மகளை அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்து, ராஜாவைப் போல வலது பக்கம் சாயச் சொன்னாள். கோலுக்குப் பதில் டீச்சரின் குடையைக் கையில் கொடுக்கலாம் என்றால், குடை கீழே பைகளோடு போய்விட்டது. காவலாளி என்ன நினைத்தாரோ, தன் கைத்தடியை நீட்டினார்.

"இப்ப பாருங்க கண்ணுங்களா. ஆள் சாஞ்சா ஒரு தோள் இறங்கும், ஒரு தோள் ஏறும். இறங்கியிருக்கா? கை மடங்கினா, முழங்கையோட உள்பக்கம் துணி எல்லாம் ஒரு இடத்துக்கு வந்து கூடும். கூடியிருக்கா? மூச்சு விடுற ஆளுக்கு இந்த நடுப் பட்டன்ல ஒரு இழுவை இருக்கும். கழுத்துப் பக்கம் காலர் ஒட்டி உக்காந்திருக்கும். எல்லாம் பாத்துக்கிட்டீங்களா?"

பிள்ளைகள் எல்லோரும் மகளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பையன் நோட்டை எடுத்துச் சுருக்கங்களை எண்ணவே ஆரம்பித்துவிட்டான்.

"சரி, கழட்டிக் குடு. ஸ்வெட்டர் போட்டிருக்கிறவங்க எல்லாம் கழட்டுங்க."

ஏழெட்டு ஸ்வெட்டர்கள் வந்து விழுந்தன. அவற்றை மகளுடைய கோட்டுக்குள் திணித்து, கைகளுக்குள்ளும் திணித்து, பட்டனைப் போட்டு, பெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்தாள். வலது கையை மடக்கிக் கைத்தடியின் மேல் ஏற்றினாள். தலையில்லாத மாணவி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். தையல்காரி பின்னால் தள்ளி நின்றாள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இப்ப ராஜாவைப் பாருங்க" என்றாள்.

தலைகள் பெஞ்சுக்கும் படத்துக்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பெஞ்சில் இருந்த கோட்டின் இரண்டு தோளும் சமமாக நின்றன. ராஜா சாய்ந்திருந்தார், ராஜாவின் இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்தன. பெஞ்சில் முழங்கை மொழுமொழுவென்று மடங்கியிருந்தது. ராஜாவின் முழங்கையும் அப்படித்தான். காலர் எதிலும் ஒட்டாமல் விறைத்து நின்றது, இங்கேயும் அங்கேயும்.

முதலில் கத்தியவன் ஒட்டகம். "டீச்சர்! ஆளே இல்ல டீச்சர்! ராஜாவோட தலையை மட்டும் கொண்டாந்து வச்சிருக்காங்க!"

அதற்குப் பிறகு மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. கையில்லை, முதுகில்லை, தொப்பையில்லை என்று ஆளுக்கொன்று கண்டுபிடித்துக் கூவினார்கள். டீச்சர் உஷ், உஷ் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, தானும் விரலை நீட்டி, "அந்தப் பட்டனைப் பாருங்க, இழுவையே இல்ல" என்றார். வழிகாட்டி மட்டும் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். ஆயிரம் தடவையாவது அதன் முன் நின்று பேசியிருப்பான், பாவம்.

பிரிவுத் தலைவி பெஞ்சில் இருந்த கோட்டைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தார்.

"போன வருஷம் எங்களுக்கு ஒரு கடிதம் கிடைச்சுது. இதை வரைஞ்ச ஓவியர் தன் தம்பிக்கு எழுதினது. ராஜா அரை நாள்தான் வந்து உக்காந்தாராம், முகம் வரையறதுக்கு மட்டும். கோட்டை மட்டும் ஓவியர் வீட்டுக்கு அனுப்பி வச்சாங்களாம். அதை ஒரு மரச்சட்டத்துல மாட்டி, வைக்கோல் திணிச்சு, ரெண்டு மாசம் பாத்து வரைஞ்சேன்னு எழுதியிருக்காரு. அந்தக் கடிதத்தை இன்னும் வெளிய விடலை. என் ஆபீஸ்ல நாலு பேருக்குத்தான் தெரியும்." தையல்காரியின் பக்கம் திரும்பினார். "அஞ்சாவது ஆள் நீங்க. கடிதத்தைப் படிக்காமலே தெரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளும் நீங்கதான்."

"வைக்கோலா? அதான் பாத்தேன்" என்றாள் தையல்காரி. "இடது பக்கம் விலாகிட்ட துணி கொஞ்சம் தொங்கிடுச்சு பாருங்க. முதல்ல வலது கையை வரைஞ்சிருக்காரு, இடது பக்கத்துக்கு வர்றதுக்குள்ள வைக்கோல் அமுங்கிப் போச்சு. நடுவுல ஒரு தடவை திணிச்சிருக்கலாம்."

பிரிவுத் தலைவி படத்தின் இடது பக்கத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார், பிறகு பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். இது கடிதத்தில் இல்லை என்றார். மற்ற படங்களையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார், கெஞ்சுகிற மாதிரியே கேட்டார்.

அந்த நீள மண்டபத்தில் இருந்த பிரபுக்களும் சீமாட்டிகளும் அன்று நன்றாக மாட்டிக்கொண்டார்கள். இந்தத் தளபதிக்கு ஒரு தோள் மூன்று விரல் இறக்கம், பஞ்சு வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். இந்தக் கல்யாணப் பெண்ணின் கவுனைப் பக்கவாட்டில் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள், பழைய தையலின் தடம் இதோ. இந்தப் பணக்காரர் போட்டிருப்பது இரவல் சட்டை, கை மணிக்கட்டைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொன்றையும் தையல்காரி சொல்லச் சொல்ல, நாற்பது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். வேறு பள்ளிக்கூடத்துக் கூட்டம் ஒன்றும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. வழிகாட்டியும் வந்தான், காலர் மைக்கைக் கழற்றி அவள் கழுத்துப் பக்கம் மாட்டிவிட்டதே அவன்தான். காவலாளி ஓரமாக வந்து, தன் சீருடை அக்குளில் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று ரகசியமாகக் கேட்டார். "கடைக்கு வாங்க, பிரிச்சு விட்டுத் தரேன்" என்றாள். அதுவும் மைக்கில் போய்விட்டது.

மணி நாலானதும் டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார். தையல்காரியைப் பிரிவுத் தலைவி மாடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்து பேச முடியுமா, எழுதிக்கொள்ளலாமா, எந்தக் கிழமை தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் போய் ஒருவர் கிழமை கேட்கிறாரே என்று தையல்காரிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவசரமில்லாமல் யோசித்து, செவ்வாய்க்கிழமை என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெரிய மாடிப்படியின் அடியிலிருந்து குரல் வந்தது. மியூசியத்துக்குள் சத்தம் போடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதியிருக்கிறது. அதையெல்லாம் சட்டை செய்யாமல், முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, தலையை அண்ணாந்து, முழுத் தொண்டையையும் திறந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா! பஸ் கிளம்புதும்மா!"

அந்த உயரமான கூரை அதை வாங்கி, அம்மா, அம்மா என்று எல்லா அறைகளுக்கும் அனுப்பியது. காவலாளி உதட்டில் விரலை வைக்கப் போனவர், தையல்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

"உங்களைத்தான் கூப்பிடறா போலிருக்கு" என்றார் பிரிவுத் தலைவி.

"கேட்டுச்சுங்க" என்றாள் தையல்காரி. ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள்.